முள்முருக்கு நகரத்தில் ஒரு தமிழ்க் கல்

(பார்க் எக்ஸ்டென்ஷனில் நடந்த எங்கள் மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு வழக்கை முழுக்கத் திருத்தவில்லை. அன்று திரையில் காட்டிய படங்கள் இதில் இல்லை.)

 

பயணப் படம் காட்டப் போறன் எண்டுதான் உங்களைக் கூப்பிட்டிருக்கினம். காட்டுவன். ஆனால் படத்துக்கு இடையில கொஞ்சம் கதைக்கவும் வேணும்.

நான் போன ஊர் சுவான்சோ. குவாங்சோ இல்லை, அது பக்கத்து மாகாணத்துப் பெருநகரம். சுவான்சோ ஃபூஜியான் மாகாணத்தில், ஜின் என்கிற ஆறு கடலில் சேருகிற இடத்தில் இருக்கு. ஷியாமென்னில் இருந்து வேக ரெயினில் ஒரு மணித்தியாலமும் இல்லை. பத்தாம் நூற்றாண்டில் இருந்து பதினாலாம் நூற்றாண்டு வரை உலகத்தின் மிகப் பெரிய துறைமுகங்களில் ஒன்று. மார்க்கோ போலோவும் இபன் பத்தூத்தாவும் ‘ஸைத்தூன்’ என்று எழுதினது இந்த ஊரைத்தான். 2021-இல் யுனெஸ்கோ இதன் 22 இடங்களை ஒன்றாகச் சேர்த்து உலக மரபுப் பட்டியலில் போட்டது.

போக முதலே எங்கட ஆக்களிடம் இருந்து ஒரு கேள்வி வந்தது. “சீனாவுக்கோ? 2009-இல அவங்கள் செய்தது மறந்து போச்சோ?”

மறக்கவில்லை. ராஜபக்ச அரசாங்கத்துக்கு ஆயுதம் கொடுத்தவர்களில் சீனாவும் ஒன்று. ஐ.நா.வில் அந்த அரசாங்கத்துக்குக் குடை பிடித்ததும் சீனாதான். 2009 மே 27, ஜெனீவாவில் மனித உரிமைப் பேரவை கொழும்பைப் பாராட்டித் தீர்மானம் போட்டபோது ஆதரவாக விழுந்த வாக்குகள் 29. சீனா அதில் இருந்தது. இந்தியாவும் இருந்தது, கியூபாவும் இருந்தது. கியூபாவின் கொடியை எங்கட போஸ்டர்களில் ஒட்டிக்கொண்டு திரியிற எங்களுக்கு அந்த 29 இன்னும் தொண்டையில் நிக்குது. இதை ஏன் முதலே சொல்லுறன் என்றால், இனி நான் சொல்லப்போறது சீன அரசுக்கு விளம்பரமும் இல்லை, எங்கட குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் ஓடுகிற “தமிழன் சீனாவையும் கலக்கினான்” வகையும் இல்லை.

சரி, ஆற்றில் இருந்து தொடங்குவம்.

அந்த ஆற்றுக்கு ஏன் ஜின் என்று பெயர்? ஜின் என்பது வடக்கில் ஆட்சி செய்த ஓர் அரச வம்சம். நாலாம் நூற்றாண்டில் அங்கே போர் வெடித்து, தப்பி ஓடி வந்த சனம் இந்த ஆற்றங்கரையில் குடியேறித் தங்கள் நாட்டின் பெயரை ஆற்றுக்கு வைத்தது என்று ஊரில் சொல்லுகினம். கொஞ்சம் வடகிழக்காகப் போனால் லுவோயாங் ஆறு. லுவோயாங் வடக்கில் இருந்த தலைநகரம். அதையும் தூக்கிக்கொண்டு வந்திருக்கினம். ரொறொன்ரோவில் யாழ்ப்பாணத்துக் கடைப் பெயர்ப்பலகைகளைப் பார்த்து வளர்ந்த ஆட்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. எங்கட மொன்றியாலிலும் இதற்கு ஒரு வேடிக்கையான உறவு இருக்கு. லஷீன் என்றால் பிரெஞ்சில் சீனா. பதினேழாம் நூற்றாண்டில் மேற்கே போய்ச் சீனாவுக்கு வழி பிடிக்கலாம் என்று வெளிக்கிட்ட லா சாலைக் கேலி செய்து வைத்த பெயர் என்பது வழமையான கதை. அவர் சீனாவைக் காணவே இல்லை. நாங்கள் அங்கே கால்வாய்க் கரையில் சைக்கிள் ஓடுறம்.

‘ஸைத்தூன்’ எங்கே இருந்து வந்தது? நகரத்தைச் சுற்றி நட்டிருந்த ஒரு மரத்தின் சீனப் பெயர் ‘ட்சுதோங்’. அதை அரபுக்காரர் தங்கட வாயில் வந்த மாதிரிச் சொன்னதுதான் ஸைத்தூன். நான் அந்த மரத்தைப் படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பினன். ஒரு நிமிசத்தில் பதில்: “இது முள்முருக்கு.” அதேதான். யாழ்ப்பாணத்தில் வேலிக்கு நடுகிற மரம், கலியாணத்துக்குக் கன்னிக்காலாக ஊன்றுகிற மரம். உலகத்தின் மிகப் பெரிய துறைமுகத்தின் பெயர் எங்கட வேலிக்கதியாலில் தொங்கிக்கொண்டு இருந்திருக்கு.

பார்க்கப் போறவர்கள் முதலில் கையுவான் கோயிலுக்குத்தான் போவீங்கள். 686-இல் தொடங்கின பௌத்த கோயில். இரண்டு பக்கமும் பதின்மூன்றாம் நூற்றாண்டின் இரண்டு கற்கோபுரங்கள், அடுக்கடுக்காக. எல்லாரும் அதுக்கு முன்னால நின்று படம் எடுக்கினம். நீங்கள் பிரதான மண்டபத்தைச் சுற்றிப் பின்பக்கம் போங்கோ. அங்கே பதினாறு பட்டைத் தூண்கள் இரண்டு நிக்கும். அதில் வட்டம் வட்டமாகச் செதுக்கல். கோபியரின் சீலையைக் கிருஷ்ணர் தூக்கிக்கொண்டு போறார். நரசிம்மர் இரணியனைக் கிழிக்கிறார். பக்கத்து வட்டத்தில் சீனப் பாணியில் சிங்கம், பறவை, பூ. மண்டபத்தின் அடிப்பீடத்தில் எழுபதுக்கும் மேற்பட்ட பலகைகளில் சிங்கங்களும் மனிதத் தலை வைத்த சிங்கங்களும். எல்லாம் ஒரு காலத்தில் இந்த ஊரில் இருந்த இந்துக் கோயிலின் கற்கள். கடல்வழி அருங்காட்சியகத்துக்குப் போனால் நாலு கை விஷ்ணு நிக்கிறார். லிங்கத்துக்கு யானை பூச்சாத்துகிற சிற்பமும் இருக்கு, திருவானைக்காக் கதை. நூற்றுக்கணக்கான துண்டுகள் கிடைத்திருக்கு.

பெரும்பாலும் உள்ளூர்க் கல், உள்ளூர்ச் சிற்பிகளின் கை. கதையைச் சொன்னவர் தமிழர், உளியைப் பிடித்தவர் சீனர். அந்தச் சிற்பிகளில் ஒருவரின் பெயரும் எங்களிட்ட இல்லை.

காசு கொடுத்தவர்களில் ஒருவரின் பெயர் மட்டும் இருக்கு. இங்கே கிடைத்த தமிழ்க் கல்வெட்டில், சக ஆண்டு 1203, சித்திரை மாதம். எங்கட கணக்கில் 1281 ஏப்ரல். சம்பந்தப்பெருமாள் என்பவர் கானின் உடல்நலத்துக்காகச் சிவனைப் பிரதிஷ்டை செய்தார் என்பது சாரம். அந்தக் கான் குப்ளாய் கான்தான் என்று பெரும்பாலான ஆய்வாளர்கள் சொல்லுகினம். கானின் ஆணைக்குப் பாரசீகச் சொல் ‘ஃபர்மான்’. அது அப்படியே தமிழ் எழுத்தில் கல்லில் ஏறியிருக்கு. தமிழுக்குக் கீழே சீன எழுத்து. எனக்கு இந்த ஒரு சொல்லிலதான் முழு ஊரும் தெரிந்தது. மங்கோலிய அரசன், பாரசீக அலுவலக மொழி, தமிழ் எழுத்து, சீனக் கல்.

இதை வைத்துத்தான் “சோழர் சீனாவில் கோயில் கட்டினர்” என்று பதிவுகள் வருது. சோழ ஆட்சி 1279-இலேயே முடிஞ்சு போச்சு. 1281-இல் தமிழ்நாட்டில் பெரிய கை மாறவர்மன் குலசேகர பாண்டியன். சோழர் சீனத்துக்குத் தூது அனுப்பினது உண்மை, 1015, 1033, 1077. ஆனால் இந்தக் கல்லுக்கு முடியரசன் எவனும் காசு கொடுக்கவில்லை. இது வெளிநாட்டில் தொழில் செய்கிற ஒரு சமூகத்தின் கல். அந்த ஊர் அதிகாரத்தோடு நல்ல உறவில் இருக்கவேணும், அதற்குத்தான் கானின் பெயர். ரொறொன்ரோவில் கோயில் திருவிழாவுக்கு எம்.பி.யைக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்துகிற மாதிரி. நான் பகிடிக்குச் சொல்லவில்லை, இது அதே வேலைதான்.

அந்த வருசம் அந்த ஊரில் வேற என்ன நடந்தது என்றும் பாருங்கோ. அதற்கு ஐந்து வருசத்துக்கு முதல், மங்கோலியர் வந்தபோது, துறைமுக வணிகத்தைக் கையில் வைத்திருந்த பு ஷோகெங் என்கிற முஸ்லிம் பெருவணிகர் சோங் அரசைக் கைவிட்டு மங்கோலியர் பக்கம் மாறினார். ஊரில் தங்கியிருந்த சோங் அரச குலத்தாரை வெட்டிக் கொன்றார்கள். அதுக்குப் பிறகும் வியாபாரம் ஓடினது. 1281-இல் குப்ளாய் யப்பான் மேல் இரண்டாம் தரம் படையெடுத்தார். அதற்குச் சுவான்சோவில் 200 கப்பல் கட்டச் சொல்லிக் கட்டளை. அந்த வருசத் தொடக்கத்தில் அதே பு ஷோகெங் அரசனுக்கு எழுதுகிறார்: 50 தான் முடிந்திருக்கு, சனம் படாதபாடு படுது. கட்டளை நிறுத்தப்படுகிறது. கொலைக்குத் தலைமை தாங்கின ஆளே சனத்துக்காகக் கெஞ்ச வேண்டிய அளவுக்கு வேலை வாங்கியிருக்கினம். மரம் வெட்டினவர், பலகை அறுத்தவர், ஆணி அடித்தவர். சித்திரையில் சம்பந்தப்பெருமாள் கானின் உடல்நலத்துக்குக் கும்பிட்டபோது அந்தச் சத்தம் ஊரில் அடங்கிச் சில கிழமைதான் ஆகியிருக்கும்.

இதுக்காக அந்த மனுசனைத் திட்ட வேணும் என்று நான் சொல்லவில்லை. அவர் ஒரு வியாபாரி, தன் பிழைப்பைப் பார்த்தார். கல்லைப் பார்த்து எங்களுக்கு நெஞ்சு விம்முதல்லோ, அந்த நேரம் கப்பல் பட்டறைப் பக்கமும் ஒருக்கா திரும்பிப் பாருங்கோ எண்டு மட்டும் சொல்லுறன்.

பிறகு எல்லாம் உடைஞ்சது. 1357-இல் இருந்து 1366 வரை சுவான்சோவில் இஸ்பா கலகம், வெளிநாட்டுப் படையாட்கள் எழும்பினது. அது அடக்கப்பட்டபோது அந்நிய முகம் வைத்திருந்தவர்களுக்கெல்லாம் அடி விழுந்தது, கோயில்கள் இடிந்தன. அடுத்து வந்த மிங் அரசு தனியார் கடல் வணிகத்தைத் தடை செய்தது. இடிந்த கோயிலின் கல்லு நகர மதிலுக்கும், பாலத்துக்கும், கையுவான் மண்டபத்தைத் திருப்பிக் கட்டினபோது அதன் தூணுக்கும் போனது. இருபதாம் நூற்றாண்டில் மதிலை இடித்தபோதுதான் அவை வெளியில் வந்தன. அதைப் பொறுக்கிச் சேர்த்தவர் ஊ வென்லியாங் என்கிற பள்ளிக்கூட வாத்தியார். சேர்த்து 1957-இல் ஒரு புத்தகமும் போட்டார். அவர் இல்லாவிட்டால் இந்தப் பேச்சும் இல்லை.

ஒரு கல்லு மட்டும் இன்னும் கும்பிடுகிற கையிலேயே இருக்கு. ஜின்ஜியாங் பக்கம் ஒரு கிராமத்தில் நாலு கை அம்மன், காலடியில் அரக்கன். ஊர்ச்சனம் குவான்யின் என்று சாம்பிராணி காட்டுது. 2013-இல் இந்து நாளிதழ் இதைப் பற்றி எழுதினது. அங்கே எனக்குப் போகக் கிடைக்கவில்லை. போன ஒருவர், “அது எங்கட காளி, அவைக்குத் தெரியாது” என்று எழுதியிருந்தார். தெரிந்து என்ன செய்யிறது? இத்தனை நூறு வருசமாக விளக்கு வைத்தவர்கள் அவர்கள்.

கோயிலை விட்டு வெளியில் வாங்கோ. ஆறு கடலில் சேருகிற வாயில் ஷுன்பு என்று ஒரு மீனவக் கிராமம். வீட்டுச் சுவரில் சிப்பி ஓடு பதித்திருக்கும். வெளியூர் போன கப்பல்கள் வெறுமனே திரும்பாமல் பாரத்துக்கு ஏற்றி வந்த ஓடு என்று சொல்லுகினம். பெண்கள் கொண்டையைச் சுற்றி வட்டம் வட்டமாகப் பூ வைப்பார்கள். சில வருசத்துக்கு முதல் இது சீனச் சமூக வலைத்தளங்களில் பரவி, இப்ப ஊர் முழுக்கப் பூக்கொண்டை வாடகைக்கு. பட்டணத்துப் பிள்ளைகள் வரிசையில் நின்று தலையை அலங்கரித்துக்கொண்டு, சிப்பி உடைக்கிற கிழவிகளுக்குப் பக்கத்தில் நின்று படம் எடுக்கினம். கிழவிகள் நிமிர்ந்தும் பார்க்கிறதில்லை, கை மட்டும் ஓடுது. முள்ளிவாய்க்காலுக்கும் கீரிமலைக்கும் ஒரே நாளில் வான் பிடித்துப் போய் வாற எங்கட ஆட்களை நினைச்சன். நானும் ஒரு பூக்கொண்டை வைத்தன், மறைக்கிறதுக்கு ஒன்றும் இல்லை. காசு வாங்கின அக்கா, முதல் மீன் விற்றதாகவும் இது முதுகுக்குச் சுகம் எண்டும் சொன்னா. சுற்றுலாவைத் திட்டுறதுக்கு முதல் அதையும் கணக்கில் எடுக்க வேணும்.

ஆற்றுக்கு அங்கால்பக்கம் ஜின்ஜியாங். சப்பாத்துத் தொழிற்சாலைகளின் ஊர். ஆன்டா என்கிற கம்பனி அங்கே 1991-இல் தொடங்கினது. 2019-இல் அது தலைமை தாங்கின கூட்டு, பின்லாந்தின் ஆமெர் ஸ்போர்ட்ஸை வாங்கினது. ஆர்க்டெரிக்ஸ் அதுக்குள்ளதான். அதாவது இப்ப இந்த மண்டபத்துக்குப் பின்னால மாட்டியிருக்கிற ஜக்கெற்றுகளில் இரண்டு மூன்றின் லாபம் அந்த ஆற்றங்கரைக்குப் போகுது. தையல் மெஷினில் இருக்கிறவர்களில் பலர் உள்நாட்டு மாகாணங்களில் இருந்து வந்தவர்கள். ஊர்ப்பதிவு இல்லாததால் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கவே கஸ்ரப்படுகிறவர்களும் அதில் இருக்கினம். யுனெஸ்கோவின் 22 இடங்களில் அவையளின் தங்குவிடுதி இல்லை.

இனி அரசுகளின் விளையாட்டு. அதைக் கெதியாச் சொல்லுறன். 2019 ஒக்டோபரில் மாமல்லபுரத்தில் மோடியும் ஷியும் சந்தித்தபோது, மாமல்லபுரத்துக்கும் ஃபூஜியானுக்கும் இருந்த தொடர்பை ஆராய ஒரு கழகம் அமைக்கலாம் என்று பேசினார்கள். அடுத்த வருசம் கல்வானில் ஆமிக்காரர் அடிபட்டுச் செத்தார்கள், கழகக் கதை அடங்கிப் போச்சு. 2021 டிசம்பரில் கொழும்பில் இருந்த சீனத் தூதுவர் வேட்டி கட்டிக்கொண்டு நல்லூருக்கு வந்தார். அதே மாதம்தான், நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவில் மின்சாரத் திட்டம் செய்ய இருந்த சீனக் கம்பனி, மூன்றாந் தரப்பின் பாதுகாப்புக் கவலையால் நிறுத்துறம் எண்டது. மூன்றாந் தரப்பு யார் என்று உங்களுக்குத் தெரியும். தீவுச் சனத்திட்ட ஒருத்தரும் கேக்கவில்லை.

காலியில் கிடைத்த மும்மொழிக் கல்லும் இதே கதை. 1409-ஆம் ஆண்டுத் தேதி போட்டது. செங் ஹோ கொண்டுவந்தார், சீனம், தமிழ், பாரசீகம். சீனத்தில் புத்தருக்கும், தமிழில் தெனாவரை நாயனாருக்கும், பாரசீகத்தில் அல்லாவுக்கும் காணிக்கை. சமாதானத்தின் சின்னம் என்று இண்டைக்குக் காட்டுகினம். அதே செங் ஹோ 1411-இல் இலங்கை ஆட்சியாளன் அழகேஸ்வரனைக் கைதியாகப் பிடித்துச் சீனாவுக்குக் கொண்டுபோனார் என்பதைச் சேர்த்துச் சொல்லுறேல்லை.

இப்ப கனடாவுக்கு வருவம். இதைச் சொல்லத்தான் நான் இவ்வளவும் சுத்தினனான்.

1986 ஓகஸ்ட், நியூஃபவுண்ட்லாண்ட் கடலில் இரண்டு உயிர்காப்புப் படகில் 155 தமிழர். அதில் ஒரு பகுதி இந்த நகரத்துக்கு வந்தது. 2010 ஓகஸ்ட், பிரிட்டிஷ் கொலம்பியாவில் சன் சீ கப்பல், 492 தமிழர், பிள்ளைகள் உட்பட, இறக்கின கையோடு தடுப்புக்காவல். இது எங்களுக்குத் தெரியும். நாங்கள் ஊர்வலம் போனனாங்கள்.

நடுவில 1999 கோடை. அதே பிரிட்டிஷ் கொலம்பியாக் கரையில் நாலு பழுதான கப்பல், 599 பேர். ஏறக்குறைய எல்லாரும் ஃபூஜியான். பெரும்பாலானவர்களைச் சிறையில் போட்டார்கள். அகதி விண்ணப்பங்களில் மிகப் பெரும்பாலானவை மறுக்கப்பட்டன. கைவிலங்கோடு விமானத்தில் ஏற்றி அனுப்பினார்கள். 2010-இல் எங்களுக்கு எதிராகப் பேசின சொல்லு அத்தனையும் 1999-இல் அவர்களில் ஒத்திகை பார்த்ததுதான்.

நான் எங்கட வீட்டுப் பெரியாக்களிட்ட கேட்டனான், 1999-இல என்ன நினைச்சனீங்கள் எண்டு. ஒரு மாமா யோசிக்காமல் சொன்னார்: “அவையள் காசுக்கு வந்தவை. நாங்கள் உயிருக்கு வந்தனாங்கள்.”

மாமாவின் வாயில் அந்த வசனத்தை வைத்தது கனடாவின் குடிவரவுச் சட்டம். உயிரைக் காட்டினால்தான் கதவு திறக்கும், காசைப் பற்றி மூச்சு விடக் கூடாது. அதில் தப்பிப் பிழைத்த தலைமுறை அப்படித்தான் கதைக்கும், நான் கோவிக்கவில்லை. ஆனால் சம்பந்தப்பெருமாள் என்னத்துக்குப் போனவர்? காசுக்கு. முழுக்க முழுக்கக் காசுக்கு. 1281-இல் தமிழன் காசுக்குச் சீனா போனால் அது பொற்காலம், நாங்கள் முகநூலில் போடுறம். 1999-இல் அதே கரையில் இருந்து ஒருத்தன் காசுக்குக் கனடா வந்தால் அவன் கள்ளன். எங்கட பொற்காலத்தை உண்மையாகவே மதிக்கிறதென்றால் அந்த 599 பேரின் பக்கம் நிண்டிருக்க வேணும். இண்டைக்கு எல்லையில் நிக்கிறவர்களின் பக்கமும். ஹெயிற்றியில் இருந்து ரொக்ஸம் வீதியால் நடந்து வந்தவர்களைப் பற்றி எங்கட கடைகளில் என்ன கதை ஓடினது எண்டு உங்களுக்கே தெரியும்.

போக நினைக்கிறவர்களுக்கு: லுவோயாங் பாலத்தை வத்து நேரத்தில் பாருங்கோ. 1053-இல் இருந்து 1059 வரை கட்டினது. அடித்தளக் கல்லுகள் பிரியாமல் இருக்கச் சிப்பியை வளர்த்து ஒட்ட வைத்திருக்கினம், தண்ணி வத்தினால்தான் அது தெரியும். கையுவானுக்குப் பக்கத்தில் 1974-இல் தோண்டி எடுத்த சோங் காலக் கப்பல் இருக்கு. மிளகும் வாசனைக் கட்டையும் கிடைத்த கப்பல். சரக்கோடு கட்டின மரச்சீட்டுகளும் கிடைத்தது, ஆட்களின் பெயரோடு. அங்கே அரை மணித்தியாலம் நில்லுங்கோ.

காசு இல்லாதவர்களுக்கு: வாற மாதம் இரண்டாம் ஞாயிறு, எங்கட சைனா டவுனில் ஒரு நடை. லா கோஷெத்தியர் வீதியில் தொடங்குவம். 1885-இல் 50 டொலர், 1903-இல் 500 டொலர் தலைவரி கட்டி வந்தவர்களின் வீதி. 1923-இல் இருந்து 1947 வரை மனைவி பிள்ளையைக் கூப்பிட முடியாமல் இருந்தவர்களின் வீதி. கீ ஃபாவ்ரோ கட்டடத்துக்காக அரசாங்கம் எத்தனை வீட்டையும் தேவாலயத்தையும் இடித்தது என்று அங்கே நின்று கதைப்பம். தடிச்ச சப்பாத்துப் போட்டுக்கொண்டு வாங்கோ.

கேள்வி இருந்தால் இப்ப கேளுங்கோ. சீனா சோசலிச நாடா இல்லையா எண்டு சண்டை பிடிக்கிறதெண்டால் தேத்தண்ணிக்குப் பிறகு வைப்பம், ஒன்பதரைக்கு மண்டபத்தைப் பூட்ட வேணும்.